மொட்டை உச்சியைத் தேடுங்கள்: தூரத்து ராட்சத நட்சத்திரத்தை வளைகோட்டில் அளப்பது

திருகோணமலை நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக வில்லை வெட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னால் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவார்; நான் சீட்டைப் பார்த்து வில்லையை ஃபிரேமுக்கு ஏற்ப உரசிக் கொடுப்பேன். 2022இல் டொலர் இல்லை என்று ஃபிரேமும் வரவில்லை, வில்லையும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. சும்மா இருந்த அந்த மாதங்களில்தான் கண்ணாடியே இல்லாத ஒரு வில்லையைப் பற்றி அக்காவின் மகளோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினேன். அவள் இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு. என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவாள். என்னைவிட வேகமாகச் சலித்தும் போவாள்.

இதைச் செய்யத் தொலைகாட்டி வேண்டாம். ஒரு மடிக்கணினி, எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ், இணையத் தொடர்பு, இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும். இவற்றை வைத்தே ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு ராட்சத நட்சத்திரத்தின் ஆரத்தை நீங்களே கணக்கிடலாம். மிகப் பெரிய தொலைகாட்டியில் பார்த்தாலும் அந்த நட்சத்திரம் வெறும் புள்ளிதான். அதன் ஆரத்தை எங்கிருந்து பிடிப்பது என்பதுதான் விஷயம். அதற்கு உதவுவது ஈர்ப்பு வில்லை: இன்னொரு நட்சத்திரம் அதன் முன்னால் வரும்போது, முன்னால் வந்ததன் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துச் சில காலம் பிரகாசமாக்கிக் காட்டும். அந்தப் பிரகாசம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதை வரைந்தால் வருவதுதான் வளைகோடு.

முதலில் ஒரு உடைந்த கிளாஸ்

உப்புவெளியில் ஹோட்டல் வேலை செய்யும் நண்பன் ஒருவன் வாய் உடைந்த வைன் கிளாஸ் ஒன்றைத் தந்தான். வாய் உடைந்தால் பரவாயில்லை. நமக்கு வேண்டியது அடிப்பாதம். கிளாஸின் பாதம் நடுவில் தடித்து, ஓரத்துக்குப் போகப் போகச் சரிந்து மெலியும். தண்டை வெட்டிவிட்டு அந்தப் பாதத்தை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள்.

தாளில் பேனா முனையால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். பாதத்தை மெல்ல அதன்மேல் நகர்த்தினால் புள்ளி நீண்டு, இரண்டு பிறை போலப் பிரிந்து, நடுவுக்கு வந்ததும் முழு வளையமாகிவிடும். எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று மலைப்பாக இருக்கும். இப்போது புள்ளிக்குப் பதிலாக ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவப்பு வட்டம் வெட்டி ஒட்டி, அதே பாதத்தை அதே மாதிரி நகர்த்துங்கள். வட்டமும் பெரிதாகும், ஆனால் சின்னப் புள்ளி பெருத்த மடங்கில் பாதிகூட வராது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் முழுக் கணக்கும் அதுதான்.

நான் கடையில் வெட்டும் குவிவில்லை நடுவில் ஒளியை வளைக்காது. ஓரத்துக்குப் போகப் போகக் கூடுதலாக வளைக்கும். அதனால்தான் அதற்கு ஒரு குவியம் இருக்கிறது, பவர் என்று ஓர் எண்ணும் எழுத முடிகிறது. ஈர்ப்பு வில்லை இதற்கு நேர் எதிர். நட்சத்திரத்தின் பக்கத்தில் போகும் ஒளி அதிகமாக வளையும், தூரப் போகும் ஒளி குறைவாக வளையும். குவியம் கிடையாது. இப்படி ஒரு வில்லைக்குச் சீட்டு எழுதினால் எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.

ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் முன்னால் வந்தால் இப்படி நடக்கும் என்று ஐன்ஸ்டைன் 1936இலேயே எழுதினார். ஆனால் இதை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை என்றும் சேர்த்து எழுதினார். 1986இல் போலந்துக்காரரான போடன் பச்சின்ஸ்கி, ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் வாய்ப்பில்லை, பல இலட்சம் நட்சத்திரத்தை ஒரே நேரத்தில் பார்த்தால் கிடைக்கும் என்றார். 1993இல் கிடைத்தது. நம் பால்வீதியின் நடுப்பகுதியைப் பார்த்தால், எந்த நேரத்திலும் பத்து இலட்சம் நட்சத்திரத்துக்கு ஒன்றிரண்டுதான் இப்படிப் பெருத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் வீட்டுக் கூரையிலிருந்து தேட முடியாது என்கிறேன். தேடும் வேலையை மற்றவர்கள் செய்துவிட்டார்கள்.

தரவை எடுப்பது

ஓகிள் என்ற போலந்துத் திட்டம் 1992இலிருந்து நடக்கிறது. சிலி நாட்டில் லாஸ் கம்பானாஸ் மலையில் 1.3 மீற்றர் தொலைகாட்டி. ஒரு நட்சத்திரம் இன்னொன்றுக்கு வில்லையாகும் இந்த நிகழ்வுக்கு நுண்வில்லை என்று பெயர். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 நுண்வில்லை நிகழ்வுகளைப் பிடித்து, அவர்களுடைய முன்னெச்சரிக்கைப் பக்கத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் நிறுத்தி 2022 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள்; அந்த இடைவெளியில் தேடி ஏமாற வேண்டாம். நாங்கள் அப்படித்தான் ஒரு மாலை முழுக்க ஏமாந்தோம்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு ஒளியளவுக் கோப்பு உண்டு. அதில் ஐந்து நிரல். நமக்கு முதல் மூன்று போதும்: நாள், பொலிவெண், பொலிவெண்ணின் பிழை. பொலிவெண் குறைந்தால் பிரகாசம் கூடுகிறது என்று அர்த்தம். முதல் நாள் எல்லோரும் வரைபடத்தைத் தலைகீழாகத்தான் வரைவார்கள்.

நாள் என்பது ஜூலியன் நாள். இது கிரீன்விச் நடுப்பகலில் தொடங்குவது, அதாவது நமக்கு மாலை 5.30க்கு. 2,460,000 என்ற ஜூலியன் நாள் இங்கே 2023 பெப்ரவரி 24 மாலை 5.30க்குத் தொடங்கியது. ஓர் இரவு முழுக்க ஒரே நாள் எண்ணில் அடங்குவதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப் போயிற்று. சிலியின் இரவும் அப்படியே அடங்கும், ஆனால் நேரம் வேறு. அவர்களுடைய குளிர்காலத்தில் நாங்கள் காலை 9.30க்குக் கடை திறக்கும்போது அங்கே நடுநிசி. அன்று இரவு பார்த்து முடிக்கும்போது நமக்குப் பின்னேரமாகிவிடும்.

எந்த நிகழ்வை எடுப்பது? அடிமட்டம் பிரகாசமாக இருப்பதை எடுங்கள். அடிமட்டம் என்றால் நிகழ்வுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் இருக்கும் சாதாரண நிலை. பொலிவெண் 16ஐவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ராட்சதன்தான். பிறகு பழைய வருடங்களின் அடிமட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். சிவப்பு ராட்சதர்கள் பலர் தாமாகவே மெல்ல மங்கி மெல்லப் பிரகாசிப்பவர்கள். அடிமட்டம் அலை போல ஏறி இறங்கினால், முதல் தடவைக்கு அதை விட்டுவிடுங்கள்.

வளைகோட்டைப் பொருத்துவது

பொலிவெண்ணை ஒளிப்பாயமாக, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவாக, மாற்றுவது முதல் வேலை. 18இலிருந்து பொலிவெண்ணைக் கழித்து, 0.4ஆல் பெருக்கி, அதை 10இன் அடுக்காகப் போடுங்கள். பொலிவெண் பிழையை 0.92ஆலும் பாயத்தாலும் பெருக்கினால் பாயத்தின் பிழை வந்துவிடும்.

வில்லை நட்சத்திரத்துக்கும் பின்னால் இருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் வானத்தில் தெரியும் இடைவெளியை, வில்லையின் ஐன்ஸ்டைன் ஆரத்தால் வகுத்தால் வரும் எண்ணைச் சும்மா ‘தூரம்’ என்று கூப்பிடுவோம். ஐன்ஸ்டைன் ஆரம் என்பது கிளாஸ் பாதத்தில் பார்த்த அந்த வளையத்தின் ஆரம். தூரத்தின் வர்க்கத்தோடு 2ஐக் கூட்டுங்கள், இது மேலே. தூரத்தின் வர்க்கத்தோடு 4ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தால் பெருக்குங்கள்; இது கீழே. மேலதைக் கீழதால் வகுத்தால் பெருக்கம். தூரம் 1 என்றால் பெருக்கம் 1.34. 0.5 என்றால் 2.18. 0.1 என்றால் 10.04. உங்கள் தாளில் இந்த மூன்றும் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தூரம் நாளுக்கு நாள் மாறும். நாளிலிருந்து உச்ச நாளைக் கழித்து ஐன்ஸ்டைன் காலத்தால் (வில்லை ஓர் ஐன்ஸ்டைன் ஆரம் நகர எடுக்கும் நாட்கள்) வகுத்து வர்க்கமாக்கி, அதோடு மிகக் குறைந்த தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அன்றைய தூரம். ஆக ஊகிக்க வேண்டியவை மூன்று: உச்ச நாள், மிகக் குறைந்த தூரம், ஐன்ஸ்டைன் காலம். ஓகிள் பக்கத்திலேயே முதல் ஊகம் போட்டிருப்பார்கள். அதை எடுத்துத் தொடங்குங்கள்.

இதற்குப் பிறகு வரும் சூட்சுமம் எனக்கு மருமகள் சொல்லித் தந்தது. கணக்கிட்ட பெருக்கத்தைக் கிடை அச்சிலும் அளந்த பாயத்தைச் செங்குத்து அச்சிலும் போட்டால் நேர்கோடு வரவேண்டும். அந்தக் கோட்டின் படித்திறன்தான் ராட்சதனின் சொந்த ஒளி. வெட்டுத்துண்டு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பெருக்கப்படாமல் நிற்கும் மற்ற நட்சத்திரங்களின் கலப்பொளி. எக்செலில் இரண்டுக்கும் தனித்தனி கட்டளை இருக்கிறது. ராட்சதன் பக்கத்தில் இருப்பவர்களையெல்லாம் அமுக்கிவிடும் பிரகாசம் உள்ளவன் என்பதால் வெட்டுத்துண்டு பெரும்பாலும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வரும். பெரிய எதிர் எண் வந்தால் ஊகம் எங்கோ பிழை.

பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிழையால் வகுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, எக்செலில் இருக்கும் சொல்வர் (Solver) என்ற கருவியை விட்டு அந்தக் கூட்டலைக் குறைக்கச் சொல்லுங்கள். இதைப் பற்றி இணையத்தில் நிறைய இருக்கிறது, நான் நீட்டவில்லை.

ஒரே ஒரு கைவேலை சொல்கிறேன். வரைபடத்தை அச்செடுத்து, உச்ச நாளில் நேராக மடித்து, வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நான் வில்லையில் கீறல் பார்க்கும் விளக்குக்கு முன்னால் பிடிப்பேன். இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் வில்லை தனி நட்சத்திரம் அல்ல, இரட்டையாக இருக்கலாம். அல்லது அது நுண்வில்லையே அல்ல. சொல்வர் அரை மணித்தியாலம் ஓடிச் சொல்வதை மடித்த தாள் ஐந்து செக்கனில் சொல்லிவிடும்.

நான் வெட்டி எறிந்த ஏழு புள்ளிகள்

எங்கள் நாலாவது நிகழ்வு. அடிமட்டம் நல்ல பிரகாசம், மடித்தால் அழகாகப் பொருந்தியது. ஆனால் உச்சியில் ஏழு புள்ளிகள் மட்டும் கோட்டுக்கு நன்றாகக் கீழே கிடந்தன. சிலியில் அன்று முகில் போல என்று நினைத்தேன். கடையில் ஒரு வில்லையில் குமிழ் இருந்தால் எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பது என் பழக்கம். ஏழையும் அழித்தேன். உடனே எல்லாம் அழகாகிவிட்டது. அச்செடுத்த தாளில் அந்த ஏழுக்கும் சிவப்புப் பேனாவால் குறுக்குக் கோடும் போட்டு, மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

டியூசன் முடிந்து வந்த மருமகள் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, இதை ஏன் வெட்டினீங்க?”

“அது பிழைவிட்ட புள்ளி பிள்ளை. முகிலா இருக்கும்.”

“ஏழும் ஒரே பக்கமாப் பிழை விடுமா?” பேனாவை வாங்கி உச்சியின் இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டினாள். “இங்க பாருங்க. உச்சியில குறையுது. ரெண்டு தோளிலயும் கூடுது. முகில் எப்படி மாமா கூட்டும்?”

அதுதான் நட்சத்திரத்தின் முகம். நான் அதைத்தான் குமிழ் என்று எடுத்து எறிந்திருந்தேன்.

மேலே சொன்ன பெருக்கக் கணக்கு, பின்னால் இருப்பது ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்கிறது. தூரம் பூச்சியமானால் பெருக்கம் முடிவிலிக்குப் போகும். உண்மை நட்சத்திரத்துக்கு அகலம் உண்டு. வில்லை அதன் முகத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால், முகத்தின் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் நடுவில் இருக்க முடியாது. கிளாஸ் பாதத்தின் கீழே வைத்த சிவப்பு வட்டம் இதுதான். அதனால் உச்சி கூர்மையாகாமல் மொட்டையாகிவிடும். வில்லை முகத்தின் விளிம்பைத் தாண்டும் நேரத்திலோ புள்ளிக் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒளி வரும். மருமகள் சொன்ன தோள் அது.

நட்சத்திரத்தின் கோண ஆரத்தை ஐன்ஸ்டைன் ஆரத்தால் வகுத்தால் வரும் எண்ணை ‘அகலம்’ என்போம். தூரத்தை அகலத்தால் வகுத்தால், வில்லை முகத்தின் நடுவிலிருந்து எத்தனை ஆரம் தள்ளி நிற்கிறது என்று கிடைக்கும். முகம் முழுக்க ஒரே பிரகாசம் என்று வைத்துக்கொண்டால், புள்ளிக் கணக்குப் பெருக்கத்தை எவ்வளவால் பெருக்க வேண்டும் என்பது தெரிந்த கணக்கு. 0.2 ஆரத்தில் 0.40. 0.5இல் 0.93. 0.8இல் 1.30. உச்சம் 0.91இல், 1.34. சரியாக விளிம்பில், அதாவது 1இல், 1.27. 1.5இல் 1.07. 2இல் 1.03, அதற்கு அப்பால் புள்ளியும் முகமும் ஒன்றுதான். இந்த ஏழு எண்ணையும் ஒரு நிரலில் போட்டு இடையில் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு அது போதும்.

இப்போது நான் செய்யும் முறை இது. உச்சியைச் சுற்றிய இரண்டு மூன்று நாளின் புள்ளிகளை அழிக்காமல் வேறொரு தாளுக்கு நகர்த்துகிறேன். இரண்டு பக்கத்து இறக்கத்தை மட்டும் வைத்துப் புள்ளிக் கணக்கைப் பொருத்துகிறேன். பிறகு ஒளித்துவைத்த புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்து, அளந்த பெருக்கத்தை (பாயத்திலிருந்து வெட்டுத்துண்டைக் கழித்துப் படித்திறனால் வகுத்தது) கணக்கிட்ட பெருக்கத்தால் வகுத்து, அந்த விகிதத்தைத் தூரத்துக்கு எதிராக வரைகிறேன். விகிதம் எந்தத் தூரத்தில் மிக உயர்கிறதோ அந்தத் தூரத்தை 0.91ஆல் வகுத்தால் அகலம் கிடைத்துவிடும். பிறகு அதைத் தொடக்க எண்ணாகச் சொல்வருக்குக் கொடுத்து நேர்த்தியாக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஓகிள் கோப்பில் இருக்கும் பிழை எண்கள் வழக்கமாகக் கொஞ்சம் சிறியவை, எல்லாவற்றையும் ஒரே அளவால் பெருக்கிக்கொள்வது வழக்கம். அதைச் செய்யலாம். ஆனால் அந்தப் பெருக்கலை இறக்கத்துப் புள்ளிகளிலிருந்து மட்டும் தீர்மானியுங்கள். உச்சியையும் சேர்த்துத் தீர்மானித்தால், மொட்டை உச்சியைப் பிழை என்று சொல்லிப் பொதிந்து வைக்கும் அதே வேலையை நாசூக்காகச் செய்தவர்களாகிவிடுவீர்கள்.

எங்கள் நிகழ்வின் எண்ணை இங்கே எழுதவில்லை, தேடிப் பிடிப்பதில்தான் சுவை. மொட்டை உச்சி எல்லா நிகழ்விலும் கிடைக்காது. வில்லை முகத்தையே கடக்க வேண்டும். ராட்சதர்களுக்கு முகம் பெரிது என்பதால் அவர்களிடம்தான் வாய்ப்பு அதிகம்.

அகலத்திலிருந்து ஆரத்துக்கு

அகலம் ஒரு விகிதம்தான். கிலோமீற்றர் வேண்டுமானால் கோண ஆரம் வேண்டும், அதை நிறம் தரும்.

ஒரே நிறம் உள்ள இரண்டு நட்சத்திரத்தின் மேற்பரப்பு, ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரே ஒளியைத்தான் விடும். ஆகவே ஒன்று கூடுதல் பிரகாசமாகத் தெரிந்தால் அதன் முகம் பெரிது. ஒப்பிட ஒரு படிக்கல் வேண்டும், பால்வீதி நடுவில் அது தாராளமாகக் கிடைக்கிறது. மையத்தில் ஹீலியம் எரிக்கும் ராட்சதர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், ஒரே நிறம். நிறத்தை (இரண்டு நிற வடிகட்டியில் அளந்த பொலிவெண்களின் வித்தியாசம்) கிடையாகவும் பொலிவெண்ணைச் செங்குத்தாகவும் போட்டு அந்த வட்டாரத்து நட்சத்திரங்களை வரைந்தால், சந்தையில் மீன் குவித்த மாதிரி ஒரு கொத்தாக நிற்பார்கள். இரண்டு நிறத்திலும் அளந்த பட்டியல் ஓகிளின் மூன்றாம் கட்ட வரைபடங்களில் இருக்கிறது.

இடையில் தூசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மங்கவும் வைக்கும், சிவக்கவும் வைக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் கொத்துக்கும் அதே தூசிதான். உங்கள் ராட்சதன் கொத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதை மட்டும் அளந்தால் தூசி கழிந்துவிடும்.

கொத்தில் நிற்கும் ஒரு ராட்சதனின் கோண ஆரம் ஏறக்குறைய 6 மைக்ரோவிகலை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு விகலை தெரியும்: ஒரு பாகையில் 3,600இல் ஒன்று. அதில் பத்து இலட்சத்தில் ஆறு பங்கு. நிலவில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து இங்கே டச்சுக் குடாக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் குற்றி எவ்வளவு அகலம் தெரியுமோ, அந்த அளவுதான் ராட்சதனின் முழு முகமும். உங்கள் ராட்சதன் அதே நிறத்தில் ஒரு பொலிவெண் கூடுதல் பிரகாசம் என்றால் 6ஐ 1.58ஆல் பெருக்குங்கள்; இரண்டு பொலிவெண் என்றால் 2.51ஆல். நிறம் கொத்தைவிடச் சிவந்திருந்தால் முகம் இன்னும் பெரிது. அதற்கு நிறத்துக்கும் மேற்பரப்பு ஒளிக்கும் உள்ள அட்டவணை வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐன்ஸ்டைன் காலம் 8 நாள், விகிதத்தின் உச்சம் 0.057 தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.91ஆல் வகுத்தால் அகலம் 0.063. வில்லை நேர் நடுவால் போனால் உச்சப் பெருக்கம் 2ஐ அகலத்தால் வகுத்தது, கிட்டத்தட்ட 32 மடங்கு. ஓர் ஆரத்தைக் கடக்க 8 நாளின் 0.063 பங்கு, அதாவது 12 மணித்தியாலம். முழு முகத்தையும் கடக்க ஒரு நாள். ராட்சதன் கொத்திலேயே நிற்கிறான் என்றால் கோண ஆரம் 6 மைக்ரோவிகலை. அதை 0.063ஆல் வகுத்தால் வில்லையின் ஐன்ஸ்டைன் ஆரம் 95 மைக்ரோவிகலை. தூரம் 26,000 ஒளியாண்டு என்று எடுத்தால் ராட்சதனின் ஆரம் சூரியனைப் போலப் பத்து மடங்கு. நம் சூரியனுக்கும் பிற்காலத்தில் இந்தக் கட்டம் வரும்.

முகத்தைக் கடக்க ஒரு நாள் என்றால் சிலியில் பகல் வேளையில் பாதி முகம் தவறிவிடும். கொரியர்கள் 2015இலிருந்து சிலி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா மூன்றிலும் ஒவ்வொரு 1.6 மீற்றர் தொலைகாட்டி வைத்துக் காவல் காப்பது அதற்குத்தான். ஒரே நிகழ்வுக்கு இரண்டு திட்டத்தின் தரவும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் படித்திறனும் வெட்டுத்துண்டும் தனித்தனியாகப் போட வேண்டும், மற்றதெல்லாம் பொது.

விளிம்பு மங்கல்

எல்லாம் செய்து முடித்த பிறகும் உச்சியில் ஒரு மெல்லிய மிச்சம் இருக்கும். கணக்கு சொல்வதைவிட உச்சி கொஞ்சம் உருண்டையாக இருக்கும். முகம் முழுக்க ஒரே பிரகாசம் என்று வைத்துக்கொண்டது பொய் என்பதால் வருவது அது. நட்சத்திரத்தின் நடுவைப் பார்க்கும்போது நம் பார்வை ஆழமான சூடான அடுக்கு வரை போகிறது. விளிம்பில் சாய்வாகப் போவதால் மேலடுக்கின் குளிர்ந்த பகுதியோடு நின்றுவிடுகிறது. ஆகவே விளிம்பு மங்கல், கொஞ்சம் சிவப்பும்.

சூரியனிலேயே இதைப் பார்க்கலாம். சூரியனை நேரே பார்க்காமல், இருகண் தொலைகாட்டியின் ஒரு குழாயை மூடி, மறு குழாய் வழியாக அதன் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவிட்டால் வட்டத்தின் ஓரம் மங்கியிருக்கும். கண் கெட்டு என் கடைக்கு வந்தால் நான் வில்லை வெட்டித் தரலாம், ஆனால் விழித்திரையை வெட்டித் தர முடியாது. அட்டையை மட்டும் பாருங்கள்.

26,000 ஒளியாண்டு தூரத்து ராட்சதனில் இதை அளக்க நுண்வில்லை மாதிரி வசதியான வழி வேறு இல்லை. வில்லை முகத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு மணித்தியாலமும் முகத்தின் ஒவ்வொரு வட்டத்தைத் தடவிக் காட்டுகிறது. ஓகிள் போலவே நுண்வில்லை தேடிய மேக்கோ திட்டம் 1995இல் அறிவித்த 30ஆம் எச்சரிக்கையில் ஒரு சிவந்த ராட்சதனின் முகம் இப்படி முதன்முதலில் நேரலையாகப் பிடிபட்டது. ஓகிள்-2004-பிஎல்ஜி-482 நிகழ்வில் இன்னொரு குளிர்ந்த சிவப்பு ராட்சதனின் விளிம்பு மங்கலை அளந்தார்கள். 2000இல் அதே மாதிரித் தேடிய ஈரோஸ் திட்டம் கண்ட ஐந்தாவது நிகழ்வில், முகத்தின் மேலால் இரட்டை வில்லையின் கூர்க்கோடு (பெருக்கம் திடீரென எகிறும் கோடு) நகர நகரப் பெரிய தொலைகாட்டிகளில் நிறமாலை எடுத்து, நடுவுக்கும் விளிம்புக்கும் ஐதரசன் கோட்டில் உள்ள வித்தியாசத்தையே பார்த்தார்கள்.

விளிம்பு மங்கலை எக்செலில் செய்ய முயன்று நாங்கள் இரண்டு வாரம் வீணாக்கினோம். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாறிவிடுங்கள். முலென்ஸ்மொடெல், பைலிமா என்று இரண்டு இலவச மென்பொருள் உண்டு. இரட்டை வில்லையையும் அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் முதல் நிகழ்வை எக்செலிலேயே செய்யச் சொல்வேன். மென்பொருள் மொட்டை உச்சியை ஒரு எண்ணாகத் துப்பிவிடும். தோள் எங்கே எழும்புகிறது என்று உங்கள் கண் பழகாது.

அகலம் 1ஐத் தாண்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வில்லையின் வளையத்தைவிட நட்சத்திரத்தின் முகமே பெரிது. ஓகிள்-2016-பிஎல்ஜி-1928 அப்படி ஒன்று. அதன் ஐன்ஸ்டைன் காலம் 42 நிமிடம்கூட இல்லை; அகலம் 3க்கு மேல். வில்லையாக வந்தது எந்த நட்சத்திரத்தையும் சுற்றாமல் தனியே அலையும் ஒரு சின்னக் கோளாக இருக்கலாம் என்கிறார்கள். நம் கதாநாயகன் ராட்சதன் என்பதால் அதற்குள் போகவில்லை.

வெளியே போய்ப் பார்க்க

கணக்கு கணினியில் என்றாலும் அந்த இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில்தான் பால்வீதியின் நடு. சிலியில் அது நேர் தலைக்கு மேலே வரும். நமக்குத் தெற்கே 52 பாகை உயரத்தில், கழுத்து நோகாமல் பார்க்கும் உயரம். யூன் மாதம் நடுநிசியில் உச்சிக்கு வரும். நல்ல வேளை, அதுதான் இங்கே கச்சான் வீசி வானம் தெளிந்து கிடக்கும் காலம். மார்கழியில் சூரியனே அந்த இடத்தில் நிற்பார், இங்கேயோ வாடை மழை. இரண்டு விதத்திலும் ஒன்றும் தெரியாது. நிலாவெளிப் பக்கம் போங்கள். நகரத்தில் வெளிச்சம் கூட. குடாவில் விளக்குப் போட்டுக் கணவாய் பிடிக்கும் படகுகள் நின்றால் தெற்கு வானமே வெளுத்துவிடும்.

சின்னத் தொலைகாட்டியும் கமெராவும் இருந்தால் பிரகாசமான நிகழ்வு வரும்போது நீங்களே ஒரு புள்ளி சேர்க்கலாம். 2006இலும் 2017இலும் ஜப்பானிய ஆர்வலர்கள் இருவர், அகிஹிகோ தாகோவும் தடாஷி கோஜிமாவும், எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு பிரகாசமான நிகழ்வைக் கண்டுபிடித்தார்கள். கோஜிமா கண்டதில்தான் வில்லை பிரித்த இரண்டு பிம்பத்தையும் சிலியில் இருக்கும் பெரிய தொலைகாட்டிகளை இணைத்து முதன்முதலில் தனித்தனியே பார்த்தார்கள்.

போவதென்றால் ஒரு தொழில்காரன் சொல்வதைக் கேளுங்கள். கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நின்றால் வில்லையில் உப்புப் படியும், கண்ணுக்குத் தெரியாது. கடைக்கு வரும் கண்ணாடிகளில் கோட்டிங் உரிந்தவை பலவும் சட்டை நுனியால் உலரத் துடைத்தவை. உப்புப் பரல் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். தொலைகாட்டியின் முன் வில்லைக்கும் அதே கதிதான். முதலில் ஊதுபந்தால் ஊதிவிடுங்கள். பிறகு வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. உலர்ந்த துணி கடைசியில், ஈரம் ஒற்ற மட்டும்.